ஒரே ஒரு நகர்வு: மினியேச்சர் போர் விளையாட்டின் திருப்புமுனையைக் கண்டுபிடிக்கும் வழி

மட்டக்களப்புக் கல்லடியில் எங்கள் வீட்டு விறாந்தையில் ஒரு பழைய மேசை இருக்கிறது. அதன்மேல் 90 சென்ரிமீற்றர் சதுரமான ஒட்டுப்பலகை ஒன்று. கார்த்திகை மழை பிடித்துவிட்டால் வாவிப் பக்கம் போக வழியில்லை. அக்காவின் மகனும் நானும் அந்தப் பலகையின் இரு பக்கமும் உட்கார்ந்துவிடுவோம். அவன் உயர்தரம் படிக்கிறான். கணக்கில் என்னைவிடக் கெட்டிக்காரன்.

போன மழைக்காலத்தில் அந்தப் பலகையில் நான் ஓர் ஆட்டம் தோற்றேன். வெற்றிக்கு ஐந்து அணிகளை எடுக்க வேண்டும். நான்கை எடுத்துவிட்டேன். ஐந்தாவது கிடைக்குமுன் என் படை சரிந்துவிட்டது. பகடை கைவிட்டது என்றுதான் அன்றிரவு நம்பினேன். மறுநாள் ஆட்டத்தை மீண்டும் அடுக்கிப் பார்த்தபோதுதான், ஏழாம் சுற்றில் வந்த தோல்வி மூன்றாம் சுற்றில் நான் எடுத்த ஒரே முடிவிலிருந்து பிறந்தது என்று தெரிந்தது. அப்படிப்பட்ட முடிவை ஆட்டம் முடிந்தபின் எப்படித் தேடுவது, ஆட்டத்தின் நடுவிலேயே எப்படி அடையாளம் காண்பது என்பதைப் படிப்படியாக இங்கே எழுதுகிறேன். இதுவரை இந்த விளையாட்டைக் கண்ணாலும் பார்க்காதவர் பின்பற்றும்படி பலகையிலிருந்தே தொடங்குகிறேன்.

பலகையும் படைகளும்

வெளிநாடுகளில் 28 மில்லிமீற்றர், 15 மில்லிமீற்றர் உயரத்தில் உலோகத்திலும் பிளாஸ்டிக்கிலும் வார்த்த சிறு வீரர்களை வாங்கி, நுண்ணிய தூரிகையால் வர்ணம் தீட்டி ஆடுகிறார்கள். கையில் பணம் இருந்தால் வாங்குங்கள், அழகானவை. நாங்கள் தடித்த அட்டையில் வீரர்களை அச்சிட்டு, வெட்டி, 4 செ.மீ. அகலமும் 2 செ.மீ. ஆழமும் உள்ள பலகைத் துண்டுகளில் நிமிர்த்தி ஒட்டுகிறோம். ஒரு துண்டு ஓர் அணி. மேட்டுக்கு ரெஜிபோம் என்ற வெள்ளை நுரைப் பலகை, காட்டுக்குப் பச்சைச் சாயம் தோய்த்த தென்னந்தும்பு, வெட்டவெளிக்குச் சலித்த கடற்கரை மணல். மணலைப் பசை பூசி ஒட்டுங்கள். ஒட்டாமல் தூவினால் பகடை உருளும் இடமெல்லாம் மணலாகிவிடும்.

கண்ணகி அம்மன் சடங்கில், இரு கட்சிகள் கொம்புகளைக் கோத்து இழுக்கும் கொம்புமுறிக்கு ஊரை வடசேரி, தென்சேரி என்று பிரிப்பார்கள். எந்தக் காலத்துப் போரை ஆடினாலும் எங்கள் பலகையின் இரு பக்கங்களுக்கும் அவையே பெயர். நான் எப்போதும் வடசேரி.

ஒன்றை இந்த இடத்திலேயே சொல்லிவிட வேண்டும். எங்கள் மாவட்டத்தில் போர் என்ற சொல் இலேசானதல்ல. முதல்நாள் இந்தப் பலகையைப் பார்த்த என் அம்மா எதுவும் பேசாமல் எழுந்து உள்ளே போய்விட்டார். அன்றே நாங்கள் இருவரும் ஒரு வரம்பு வகுத்துக்கொண்டோம்: உயிரோடிருக்கும் எவருடைய நினைவிலும் உள்ள போரைப் பலகையில் வைப்பதில்லை. நானூறு ஆண்டு, இரண்டாயிரம் ஆண்டு பழைய போர்கள் நமக்குப் போதும். உங்கள் வீட்டிலும் பெரியவர்கள் இருப்பார்கள். பலகையை விரிக்குமுன் அவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

விதிகள்

1990இல் பிரித்தானியாவில் வெளிவந்த ‘டீ பெல்லிஸ் அன்டிகுயிட்டாட்டிஸ்’ என்ற விதித்தொகுப்பு, பக்கத்துக்கு 12 அணிகளையும் சுற்றுக்கு ஒரு பகடையையும் வைத்தே பழங்காலப் போர் ஒன்றை ஆடிவிடலாம் என்று காட்டியது. அந்த வழியைப் பின்பற்றி, இன்னும் எளிதாக்கி, நாங்கள் வைத்திருக்கும் வீட்டு விதிகள் இவை.

சுற்றின் தொடக்கத்தில் ஒவ்வொருவரும் ஒரு பகடை உருட்டுவார். விழுந்த எண்ணே அந்தச் சுற்றுக்கான கட்டளைப் புள்ளிகள். ஒரு புள்ளிக்கு ஓர் அணியை நகர்த்தலாம். தோளோடு தோள் ஒட்டி நிற்கும் அணிகள் சேர்ந்து நேராக நகர்ந்தால் அந்தக் கூட்டம் முழுவதற்கும் ஒரே புள்ளி போதும். காலாள் 10 செ.மீ., குதிரை 20 செ.மீ. வடசேரி முதலில் நகரும், பிறகு தென்சேரி. இருவரும் நகர்ந்து முடிந்ததும், ஒன்றையொன்று தொட்டு நிற்கும் அணிகள் பொருதும்.

பொருதும்போது இருவரும் ஒவ்வொரு பகடை உருட்டித் தங்கள் அணியின் பலத்தைக் கூட்ட வேண்டும். கூடியவர் வென்றார். தோற்ற அணி சற்றுப் பின்வாங்கும். ஒருவரின் கூட்டுத்தொகை மற்றவரின் இரு மடங்காகவோ அதற்கு மேலாகவோ இருந்தால் தோற்ற அணி பலகையை விட்டே போய்விடும். சமனானால் ஒன்றும் நடக்காது. ஓர் அணியின் விலாவையோ முதுகையோ எதிரி தொட்டுக்கொண்டிருந்தால் அதன் பலத்தில் ஒன்று குறையும். அந்த நிலையில் தோற்றால் பின்வாங்க இடமில்லை, அழிந்தது. காலாளிடம் தோற்ற குதிரை 20 செ.மீ. ஓடிவிடும். தொட்டு நிற்கும் அணியை வேறு பக்கம் நகர்த்த முடியாது. இந்தக் கடைசி விதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். என் ஆட்டத்தைக் கவிழ்த்தது அதுதான்.

தன் அணிகளில் மூன்றில் ஒரு பங்கை இழந்தவர் தோற்றார்.

நாங்கள் ஆடிய போர்

கி.மு. 48, ஓகஸ்ட் 9. கிரேக்கத்தில் பார்சலஸ் என்ற இடத்தில் ரோமத் தளபதிகள் ஜூலியஸ் சீசரும் பொம்பேயியும் மோதினார்கள். சீசர் தானே எழுதிவைத்த கணக்குப்படி அவரிடம் 80 கோஹோர்ட்டுகளில் (ரோமக் காலாட்படைப் பிரிவுகள்) 22,000 காலாட்கள், எதிரே 45,000. குதிரைப்படையில் வித்தியாசம் இன்னும் மோசம்: ஆயிரத்துக்கு எதிராக ஏழாயிரம். ஒரு பக்கம் எனிபியஸ் ஆறு இரு படைகளுக்கும் வேலியாக நின்றது. ஆகவே பொம்பேயி தன் குதிரைகள் அத்தனையையும் ஆறில்லாத மறுபக்கத்தில் குவித்தார். சீசரின் வலது விலாவைச் சுற்றி வளைப்பதே அவருடைய திட்டம்.

சீசர் அந்தக் குவியலைப் பார்த்தார். தன் மூன்றாம் வரிசையிலிருந்து ஆறு கோஹோர்ட்டுகளை உருவி, வலது விலாவுக்குப் பின்னால் நான்காம் வரிசை ஒன்றை நிறுத்தினார். கொடி அசையும்வரை அசையாதீர்கள் என்றும், இன்றைய வெற்றி உங்கள் கையில் என்றும் அவர்களிடம் சொன்னார். பொம்பேயியின் குதிரைகள் சீசரின் குதிரைகளைத் தள்ளிக்கொண்டு வந்தபோது அந்த ஆறு கோஹோர்ட்டுகளும் பாய்ந்தன. குதிரைப்படை மலைப்பக்கம் சிதறி ஓடியது. நான்காம் வரிசை அதே வேகத்தில் திரும்பிப் பொம்பேயியின் இடது விலாவில் ஏறியது.

எண்பதில் ஆறு. எங்கள் 12 அணிக் கணக்கில் அது ஓர் அணிகூட வராது. அவ்வளவு சிறிய பகுதியை எங்கே நிறுத்துவது என்ற கேள்வியில் ஒரு பேரரசின் தலைவிதி தொங்கியது. அதனால்தான் இந்தப் போரை எடுத்தோம்.

பலகையில் ஆட வசதியாக நான்காம் வரிசைக்கு இரண்டு அணிகளைக் கொடுத்தோம். வடசேரி: முன்வரிசையில் 9 காலாள், ஒரு குதிரை, பின்னால் 2 காலாள். ஆக 12. சீசரின் ஆட்கள் பல போர் கண்டவர்கள், எனவே பலம் 5. தென்சேரி: பலம் 4 உள்ள 10 காலாள், பலம் 3 உள்ள 4 குதிரை. ஆக 14. எனக்கு நான்கு அணி போனால் தோல்வி, மருமகனுக்கு ஐந்து.

முதற்படி: வெற்றிக்கு என்ன வேண்டும் என்று எழுதி வையுங்கள்

ஒரு துண்டுத் தாளில் இரண்டு எண்களை எழுதிப் பலகையின் ஓரத்தில் வையுங்கள்: நான் எடுக்க வேண்டியது எத்தனை, இழக்கக் கூடாதது எத்தனை. ஒவ்வொரு சுற்றிலும் அதைப் பாருங்கள். புதிதாக ஆடுபவர்கள் எதிரியின் அணி ஒன்றை வீழ்த்தியதும் வெல்வதாகவே எண்ணிக்கொள்கிறார்கள். வீழ்த்தியது ஐந்தில் ஒன்றுதான் என்று தாள் சொல்லிக்கொண்டே இருக்கும்.

இரண்டாம் படி: தங்கூசி

எங்கள் அளவுகோல் மீன்பிடித் தங்கூசிதான், அதாவது நைலோன் தூண்டில் நூல். 10 செ.மீ.க்கு ஒரு முடிச்சு. மீன்வாடியில் கேட்டால் வெட்டித் தருவார்கள். நாடா போல விறைத்து நிற்காமல், வளைந்து போகும் பாதையையும் அப்படியே அளக்கும். அதுதான் அதன் சிறப்பு.

பகடையைத் தொடுமுன், எதிரியின் மிக வேகமான அணியிலிருந்து உங்கள் மிகப் பலவீனமான இடத்துக்குத் தங்கூசியை நீட்டுங்கள். எத்தனை முடிச்சு? குதிரைக்குச் சுற்றுக்கு இரண்டு முடிச்சு. மூன்றாம் சுற்றில் மருமகனின் குதிரைக் கூட்டத்துக்கும் என் வலது நுனி அணியின் விலாவுக்கும் இடையே, என் ஒற்றைக் குதிரையைச் சுற்றி அளந்தால், மூன்றரை முடிச்சு. அதாவது நேராக வந்தால் நான்காம் சுற்று. வழியில் என் குதிரையோடு மோதி ஒரு சுற்று தாமதித்தால் ஐந்தாம் சுற்று. அந்த நேரத்தில் நான் அதை அளக்கவில்லை. என் வரிசைக்கு முன்னால் திறந்த ஓர் இடைவெளியில்தான் என் கண் இருந்தது.

மூன்றாம் படி: திரும்பப் பெற முடியாத நகர்வு எது?

இந்த வழிகாட்டியில் நான் மிகவும் முக்கியமாகக் கருதுவது இந்தப் படிதான். இதில் சற்று நிற்போம்.

ஓர் ஆட்டத்தில் ஐம்பது, அறுபது முடிவுகள் எடுக்கிறோம். அவற்றில் பெரும்பாலானவை அடுத்த சுற்றில் சரிசெய்யக் கூடியவை. ஓர் அணியை ஒரு முடிச்சு முன்னே வைத்தேன், பிசகிவிட்டது, பின்னே இழுத்துக்கொள்கிறேன். ஒரு புள்ளி வீண், அவ்வளவுதான். ஆனால் சில நகர்வுகள் கதவைச் சாத்திவிடும். ஆடுபுலி ஆட்டம் ஆடியவர்களுக்கு இது தெரியும். புலி ஆட்டை வெட்டிக்கொண்டே போகும்போது ஆட்டம் புலியின் பக்கம் இருப்பதுபோலத் தெரியும். கடைசி ஆட்டை வெட்டப் பாய்ந்த கட்டத்திலிருந்து வெளியே வர வழி இல்லாதபோதுதான் புலி அடைபட்டது தெரியவரும். அந்தப் பாய்ச்சல்தான் திருப்புமுனை. அடைபடுவது அதன் பிறகு நடக்கும் சடங்கு.

போர் விளையாட்டில் அப்படிப்பட்ட நகர்வுக்கு மூன்று அறிகுறிகள் உண்டு. ஓர் அணி எதிரியைத் தொட்டுவிட்டால் அது பூட்டப்பட்டது. ஒன்றாக நின்ற வரிசை இரண்டாக உடைந்தால் மீண்டும் ஒட்டவைக்கப் பல புள்ளிகள் போகும். பின்னால் காத்திருக்கும் கடைசி அணி முன்னே போய்விட்டால், அதற்குப் பிறகு எதிரி என்ன செய்தாலும் பதில் சொல்ல உங்களிடம் ஆள் இல்லை. மூன்றில் ஒன்று இருந்தால் கையைச் சற்று நிறுத்துங்கள். மூன்றும் ஒரே நகர்வில் சேர்ந்துவந்தால், ஆட்டத்தின் முடிவு அந்த நகர்வில்தான் இருக்கிறது.

மூன்றாம் சுற்றில் எனக்கு விழுந்தது மூன்று புள்ளி. என் வரிசையின் வலது நுனியிலிருந்து மூன்றாவது இடத்தில் மருமகனின் அணி ஒன்று அழிந்து இடைவெளி திறந்திருந்தது. பின்னால் நின்ற இரண்டு அணிகளையும் அதற்குள் அனுப்பினேன். இரண்டு பக்கமும் நின்ற எதிரி அணிகளின் விலாவை அவை தொட்டன. பலகையில் அதைவிட அழகான காட்சி அன்று இல்லை. தொட்டதால் இரண்டும் பூட்டப்பட்டன. என் வரிசைக்குப் பின்னால் வெறும் மணல்.

நான்காம் படி: முப்பத்தாறு கட்டங்கள்

இரண்டு பகடைகள் 36 விதமாக விழலாம். கொப்பித்தாளில் ஆறுக்கு ஆறு கட்டம் போடுங்கள். மேல் வரிசையில் உங்கள் பகடை, இடப்பக்கம் எதிரியின் பகடை. வெல்லும் கட்டங்களில் பென்சிலால் நிழல் இடுங்கள். ஒரு தடவை உங்கள் கையாலேயே செய்து பாருங்கள். பிறகு பலகையைப் பார்க்கும் பார்வையே மாறிவிடும்.

என் பலம் 5, அவன் பலம் 4, நேருக்கு நேர். நான் வெல்லும் கட்டங்கள் 21, சமன் 5, தோற்பது 10. நல்ல நிலைதான். ஆனால் அவனுடைய அணியை அழிப்பதற்கு இரு மடங்கு வேண்டும். அது இரண்டே கட்டங்களில்தான் நடக்கும்: எனக்கு 5 அல்லது 6, அவனுக்கு 1. அவன் என்னை அழிக்கும் கட்டம் ஒன்றுகூட இல்லை. அதாவது இரண்டு வரிசைகளும் முகத்தோடு முகம் மோதிக்கொண்டிருந்தால் நாள் முழுக்கத் தள்ளுமுள்ளாகவே போகும்.

இப்போது என் நுனி அணியின் விலாவில் அவனுடைய குதிரை ஒன்று வந்து தொடுகிறது. என் பலம் 4 ஆகிவிட்டது. எதிரே நிற்கும் காலாளிடம் தோற்றாலே அழிவு. தோற்கும் கட்டங்களை எண்ணுங்கள்: 15. பூச்சியத்திலிருந்து பதினைந்து. குதிரை வாளை ஓங்கக்கூட வேண்டியதில்லை, தொட்டு நின்றால் போதும். அந்த அணி போனதும் அடுத்த அணியின் விலா திறக்கிறது. கிடுகுவேலியில் ஒரு முனைக் கட்டு அவிழ்ந்தால் காற்று மற்றக் கட்டுகளையும் ஒவ்வொன்றாக அவிழ்ப்பதுபோலத்தான் வரிசை கழன்றுபோகும்.

இனி என் இடைவெளியின் கணக்கு. நேர்மையாகச் சொன்னால் அதுவும் கவர்ச்சியானதே. விலா தொடப்பட்ட அவனுடைய அணியின் பலம் 3, என்னுடையது 5. நான் வெல்லும் கட்டங்கள் 26, ஒவ்வொன்றும் அழிவு. ஒரு சுற்றில் இரண்டு சண்டைகள் என்றால் சராசரியாக ஒன்றரை அணிக்குச் சற்றுக் குறைவு. குதிரை வருமுன் எனக்கு இருந்தது மூன்றாம், நான்காம் சுற்றுகள். அந்த இரண்டில் மூன்று அணி எடுக்கலாம். இடைவெளி திறந்தபோது எடுத்த ஒன்றோடு நான்கு.

எனக்கு வேண்டியது ஐந்து. ஓரத்தில் இருந்த தாள் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. இடைவெளிக்குள் புகுந்தது கெட்ட நகர்வு என்று இன்றும் சொல்லமாட்டேன். அதற்கு ஒரு சுற்று நேரம் போதவில்லை. தங்கூசியையும் தாளையும் சேர்த்துப் பார்த்திருந்தால் பகடையை உருட்டுமுன்பே அது தெரிந்திருக்கும்.

மற்ற வழி, இரண்டு அணிகளையும் வலது நுனிக்குப் பின்னால் சரிவாகத் திருப்பிக் குதிரைக்காக நிறுத்துவது. காலாள் 5, குதிரை 3. மீண்டும் 26 கட்டங்களில் வெற்றி. ஆறு கட்டங்களில் குதிரை அழியும், மற்றவற்றில் 20 செ.மீ. ஓடும். ஓடிய குதிரையைத் திரட்டி வர அவனுக்கு இரண்டு சுற்றாவது ஆகும். கணக்கில் இரண்டு வழிக்கும் அதே 26தான். ஒன்று என் விலாவைத் திறந்து வைத்துவிட்டு வெல்லும் 26, மற்றது அதை மூடிக்கொண்டு வெல்லும் 26.

ஐந்தாம் படி: புள்ளியைச் சிக்கனமாக வையுங்கள்

வரிசை ஒட்டியிருந்தால் ஒரு புள்ளியில் ஒன்பது அணிகளும் நகரும். மூன்று துண்டாக உடைந்தால் மூன்று புள்ளி. பகடையில் மூன்றோ அதற்கு மேலோ விழ ஆறில் நான்கு வாய்ப்பு. அடுத்தடுத்து இரண்டு சுற்றிலும் விழ ஒன்பதில் நான்கு மட்டுமே. ஆகவே வரிசையை உடைக்கும் முடிவை எடுக்கும்போது, இந்தச் சுற்றில் விழுந்த பெரிய எண்ணைப் பார்த்து மயங்காதீர்கள். அடுத்த சுற்றில் ‘ஒன்று’ விழுந்தால் எதை நகர்த்துவேன் என்று கேளுங்கள். ஒரே பதில் உடனே வந்தால் உங்கள் படை சரியாக நிற்கிறது.

ஆறாம் படி: அந்தச் சுற்றுக்கே திரும்பிப் போங்கள்

எங்கள் வீட்டு வழக்கம்: சுற்று முடிந்ததும் பலகைக்கு நேர் மேலே கைத்தொலைபேசியைப் பிடித்து ஒரு படம், கொப்பியில் இருவரின் கட்டளைப் பகடை எண்கள். அரை நிமிடம்கூட ஆகாது. இந்த ஒன்றைச் செய்யாதவர்கள் ஆயிரம் ஆட்டம் ஆடினாலும் அதே இடத்தில் தடுக்கி விழுவார்கள் என்பது என் உறுதியான எண்ணம். தோற்றவரின் நினைவு கடைசிப் பகடையையே பிடித்துக்கொண்டிருக்கும். படம் மூன்றாம் சுற்றையும் அதே தெளிவோடு வைத்திருக்கும்.

மறுநாள் காலை மழை விடவில்லை. படங்களைப் பின்னோக்கிப் புரட்டினோம். ஏழாம் சுற்றில் என் நான்காவது அணி போனது. ஆறில் வரிசை கழன்றது. ஐந்தில் குதிரை தொட்டது. நான்கில் என் ஒற்றைக் குதிரை வீழ்ந்தது. ஒவ்வொரு படத்திலும் ஒரே கேள்வி: இந்த நேரத்தில் நான் வேறு என்ன செய்திருக்கலாம்? ஆறிலும் ஐந்திலும் நான்கிலும் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இல்லை. மூன்றில் இருந்தது. பின்னோக்கி வரும்போது ‘வேறு வழி இருந்தது’ என்று முதலில் சொல்லும் படம்தான் நீங்கள் தேடும் சுற்று.

பலகையை அந்தப் படத்தின்படி அடுக்கினோம். கட்டளைப் பகடைகளை மீண்டும் உருட்டவில்லை. கொப்பியில் இருந்த எண்களையே பயன்படுத்தினோம்: எனக்கு 3, 2, 4, அவனுக்கு 4, 5, 2. சண்டைகளுக்கு மட்டும் புதிதாக உருட்டினோம். இப்படிச் செய்தால் இருவருக்கும் நகரும் வாய்ப்பு முன்போலவே இருக்கும், முடிவு மட்டும் மாறியிருக்கும்.

இந்தத் தடவை இரண்டு அணிகளையும் நுனிக்குப் பின்னால் சரிவாக நிறுத்தினேன். இடைவெளி எதிரே திறந்தே கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது எவ்வளவு கடினம் என்று சொல்லத் தெரியவில்லை. நான்காம் சுற்றில் முன்போலவே அவன் குதிரைகள் என் குதிரையை வீழ்த்தின. ஐந்தில் நான் முதலில் நகர்ந்து, அவை வந்து தொடும்வரை காத்திராமல், அருகில் இருந்த இரண்டை நானே தொட்டேன். ஒன்று அழிந்தது, ஒன்று பலகை ஓரம்வரை ஓடியது. மிஞ்சிய இரண்டுக்கும் உள்ளே வர வழி இல்லை. ஆறாம் சுற்றில் என் இரண்டு அணிகளும் திரும்பி அவன் வரிசையின் இடது விலாவில் நின்றன. எட்டாம் சுற்றில் அவனுடைய ஐந்தாவது அணி போயிற்று.

மருமகன் பகடைகளைக் கையில் உருட்டியபடி பலகையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“மாமா, சண்டைப் பகடை புதிதாக உருட்டினோமே. நீங்கள் வென்றது பகடையால் என்று நான் சொன்னால்?”

சரியான கேள்வி. ஒரு தடவை வென்றதால் முடிவு நல்லதென்றும், ஒரு தடவை தோற்றதால் கெட்டதென்றும் ஆகிவிடாது. ஆகவே அதே மூன்றாம் சுற்றிலிருந்து இரண்டு வழிகளையும் மும்மூன்று தடவை ஆடினோம். இடைவெளிக்குள் புகுந்த மூன்றில் ஒன்றை வென்றேன். அதில் அவனுக்கு ஒன்றும் இரண்டுமாகவே விழுந்தன. நுனியைக் காத்த மூன்றையும் வென்றேன், ஆனால் ஒன்றில் நூலிழையில்தான். மும்மூன்று ஆட்டம் எதையும் நிறுவிவிடாது. அதனால்தான் நான்காம் படியின் கட்டங்கள் தேவை. ஆட்டம் காட்டுவதும் கட்டங்கள் சொல்வதும் ஒரே பக்கம் சாய்ந்தால் நம்பலாம். வேறு வேறு பக்கம் சாய்ந்தால் இன்னும் ஆடிப் பாருங்கள்.

ஏழாம் படி: பக்கம் மாறுங்கள், மறைத்து வையுங்கள்

அடுத்த வாரம் நான் பொம்பேயியாக உட்கார்ந்தேன். அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தபோது இன்னொரு முடிவு கண்ணில் பட்டது. எதிரியின் பாய்ச்சலை நின்ற இடத்திலேயே ஏற்குமாறு பொம்பேயி தன் காலாட்களுக்குக் கட்டளையிட்டிருந்தார். சீசரின் ஆட்கள் ஓடிவந்து களைத்துப்போவார்கள் என்பது கணக்கு. எதிரி அசையவில்லை என்று கண்ட அந்த அனுபவசாலிகளோ பாதி வழியில் தாங்களாகவே நின்று, மூச்சு வாங்கி, பிறகு பாய்ந்தார்கள். ஓடும்போது மனிதனுக்குள் மூளும் உற்சாகத்தைத் தளபதி அணைக்கக் கூடாது, வளர்க்க வேண்டும் என்று சீசர் பிறகு குறைகூறி எழுதினார். இதை ஆடிப் பார்க்க விரும்பினால், நகர்ந்து வந்து தொடும் காலாளுக்கு முதல் சண்டையில் மட்டும் ஒன்று கூட்டிக் கொடுங்கள். கட்டங்களைப் புதிதாக எண்ண வேண்டியிருக்கும்.

இன்னொரு குறை எங்கள் ஆட்டத்தில் இருந்தது. பொம்பேயியின் குதிரைவீரர்கள் நான்காம் வரிசையை எதிர்பார்க்கவில்லை. எங்கள் பலகையில் எல்லாம் வெட்டவெளிச்சம். 1824இல் பிரஷ்யப் படை அதிகாரி ரைஸ்விட்ஸ் வெளியிட்ட போர் விளையாட்டில் இதற்கு வழி இருந்தது. 1:8000 அளவிலான நிலப்படத்தில், ஒரு சுற்றை இரண்டு நிமிடமாகக் கொண்டு ஆடும் அந்த விளையாட்டில் நடுவர் ஒருவர் இருப்பார். எதிரியின் எந்த அணி உங்கள் கண்ணுக்குத் தெரியும் என்பதை அவரே தீர்மானிப்பார். எங்கள் வீட்டில் மருமகனின் தங்கை நடுவர். மறைத்து வைக்க விரும்பும் அணியின் இடத்தைத் தாளில் எழுதி மடித்து அவளிடம் கொடுத்துவிடுவோம். எதிரி இரண்டு முடிச்சுத் தூரத்துக்குள் வந்தால் அவள் தாளைப் பிரித்து அணியை வைப்பாள். அவளுடைய முகத்திலிருந்து எதையும் படிக்க முடியாது. நல்ல நடுவருக்கு வேண்டிய குணம் அது.

மறைப்பு வந்ததும் மருமகனின் ஆட்டம் மாறிவிட்டது. நான்கு குதிரைகளையும் ஒரே கூட்டமாக அனுப்பிக்கொண்டிருந்தவன், ஒன்றை முன்னே அனுப்பித் தாளைப் பிரிக்க வைத்துவிட்டு, மற்ற மூன்றுக்கும் பிறகுதான் கட்டளை கொடுக்கிறான். அதற்கு ஒரு புள்ளி கூடுதலாகப் போகிறது. அந்தப் புள்ளி செலவழியும் சுற்றில் என் முன்வரிசைக்கு ஒரு சுற்று நேரம் கிடைக்கிறது. எங்கள் புதிய திருப்புமுனை இப்போது அங்கே இருக்கிறது.

அடுத்த ஆட்டம்: புளியந்தீவு, 1638

மேலே சொன்ன படிகளை உங்கள் ஊருக்கே கொண்டுவர விரும்பினால் எங்கள் மட்டக்களப்புக் கோட்டை இருக்கிறது. போர்த்துக்கேயர் 1628இல் புளியந்தீவில் கட்டியது. 1638 மே 18 அன்று, அட்மிரல் வெஸ்டர்வோல்டின் கீழ் வந்த ஒல்லாந்தரும் கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனும் சேர்ந்து அதைக் கைப்பற்றினார்கள். இலங்கைத் தீவில் ஒல்லாந்தர் கையில் விழுந்த முதலாவது போர்த்துக்கேயக் கோட்டை அது. அதற்குச் சில வாரங்களுக்கு முன், மார்ச் 28 அன்று, கன்னொறுவையில் போர்த்துக்கேயத் தளபதி தியோகோ டி மெலோவின் படை கண்டிப் படையிடம் அழிந்துபோயிருந்தது. உதவிக்கு வர எவரும் இல்லாத கோட்டை.

பலகையில் நீலத் துணியை வாவியாக விரியுங்கள். கோட்டைக்குள் போர்த்துக்கேயருக்கு ஐந்து அணிகள் மட்டும் கொடுங்கள், எதிரே பன்னிரண்டு. பீரங்கி அணிகள் கரையிறங்கி நிலைகொள்ள மூன்று சுற்று வேண்டும் என்று விதி வையுங்கள். நிலைகொண்டபின் மதிலுக்குச் சுற்றுக்கு ஒரு பகடை சேதம். இந்த எண்களெல்லாம் நாங்கள் ஆட்டத்துக்காக வகுத்தவை, உங்களுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளலாம்.

கோட்டைக்குள் இருப்பவருக்கு முதல் மூன்று சுற்றுக்குள் ஒரு கேள்வி வரும்: பீரங்கி நிலைகொள்ளுமுன் கதவைத் திறந்து பாய்வதா, மதிலுக்குள் இருப்பதா? பாய்ந்த அணி தொட்டால் பூட்டப்படும். உள்ளே ஆள் குறையும். பின்னால் காத்திருப்பவர் எவரும் இல்லை. மூன்று அறிகுறிகளும் ஒரே நகர்வில் இருக்கின்றன. கடந்த ஞாயிற்றுக்கிழமை மருமகன் முதலாம் சுற்றிலேயே பாய்ந்தான். என் பீரங்கிகள் அப்போதும் தோணியில் இருந்தன, கரையில் தொடுவதற்கு எதுவும் இல்லை. இந்த வாரம் இரண்டாம் சுற்றிலா மூன்றாம் சுற்றிலா என்று கொப்பியில் கட்டம் போட்டுக்கொண்டிருக்கிறான்.